மாரப்பன் இறக்கிய கோட்டுகள்

வடகரப்பதியில் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த அன்றைக்கே கற்பகம் கொக்கியில் கை வைத்துத் திட்டு வாங்கினாள்.

படுக்கைக்கு எதிர்ச் சுவரில் கனத்த இரும்புக் கொக்கி ஒன்று அடித்திருந்தது. அதில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. உள்ளே பஞ்சு அடைத்து, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற நீளம். வெளியே சித்திரை வெயிலில் பனைமரங்களே வதங்கி நின்றன. நோயாளி படுத்திருக்கும் அறையில் தூசி அடைகிற துணி எதுவும் தொங்கக் கூடாது என்பது அவள் படித்த பாடம். கழற்றி வெளியே போடலாம் என்று கையை நீட்டினாள்.

"நைன்" என்றது ஒரு குரல்.

கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த மாரப்பன் தலையைத் தூக்கி அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அவிகளுக்குக் கோவம் ஜெர்மன்லதான் வரும்" என்றாள் நிலைப்படியில் நின்ற முத்தாத்தாள், அவர் மனைவி. "தமிழ்ல வந்தாத்தான் நாம பயப்படோணும். வேண்டாம்ங்கறாங்க, அத உட்டுரு கண்ணு. அங்கயே தொங்கட்டும்."

கற்பகம் ஐம்பதை நெருங்குகிறவள். பீர்மேட்டு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டைப் பூட்டிய பிறகு, படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஏஜென்சி அனுப்புகிற வீடுகளுக்குப் போய்த் தங்கிப் பார்க்கிறாள். சாவைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. சாகிறவர்களின் வீட்டுக்காரர்களைக் கண்டுதான் பயம். இந்த வீட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே மகள் செல்வப்பிரியா பெங்களூரில். ஏஜென்சிக்குப் பேசி அனுப்பியவள் அவள்தான். வீட்டில் இருப்பது முத்தாத்தாளும் ஓர் எருமையும்.

மாரப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதுகில் புண். புரட்டினால் முனகுவார். புரட்டாவிட்டால் புண் ஆழமாகும்.

"இவிக பொழைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் முத்தாத்தாள், கஞ்சி ஆற்றிக்கொண்டே. "இப்புடிக் கெடந்து அனத்தாமப் போயிச் சேந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"போயிருவாரும்மா. இந்த நெலமையில நான் பாத்தவுக யாரும் இம்புட்டு நாள் தாங்கல."

"அதான் கேக்கறேன். இவிக ஏன் தாங்கறாங்க?"

அதற்குப் பதில் மாரப்பனிடம் இருந்தது. அன்று மத்தியானம் வாயைத் துடைக்கும்போது தெளிவாகச் சொன்னார். "இன்னும் ஆர்டர் வரலை."

என்ன ஆர்டர் என்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்துகொண்டாள். பாதி அவர் உளறியது, பாதி முத்தாத்தாள் சொன்னது.

மாரப்பன் வாலிபத்தில் கோயம்புத்தூர் மில் ஒன்றில் தறி மெக்கானிக். மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து புதுத் தறிகள் வந்தபோது, பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வா என்று அங்கே அனுப்பினார்கள். கற்றுக்கொண்டார், திரும்பவில்லை. அந்த ஊர் மில்லிலேயே வேலை கிடைத்தது. பிறகு அந்த மில்லும் மூடியது. ப்ரூக்வெர்டர் என்கிற அந்தச் சின்ன ஊரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு கால்பந்துக் கிளப் இருந்தது. அங்கே சாமான் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தார். ஜெர்சி துவைப்பது, பூட்ஸ் துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, கண்ணாடி அலமாரியில் இருக்கிற கோப்பைகளுக்குப் பாலிஷ் போடுவது. ஓய்வு பெறும் வரை அதுதான் வேலை. முத்தாத்தாள் தோட்டத்தையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்தாள். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவர் வந்து போவார்.

"எல்லாரும் சீமையில இருந்து வந்தா பனி, ரயிலு, சம்பளம்னு பேசுவாங்க" என்றாள் முத்தாத்தாள். "இவிக வந்து ஒக்காந்து, இந்த வருசம் ரெண்டு பேர இறக்கிட்டேன்ம்பாங்க. கேக்கறவிக, ஏதோ தூக்குல தொங்கறவன இறக்குன கணக்கா மூஞ்சியப் பாப்பாங்க."

இறக்கியது கோட்டுகளை. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கோச் பனிக்காலத்தில் போட்டுக்கொள்கிற நீளக் கோட்டு எப்போதும் உடைமாற்றும் அறை வாசலில் உள்ள கொக்கியில்தான் தொங்க வேண்டும். அது தொங்கும் வரை அவர் கோச். தோற்றுக்கொண்டே போனால் ஒரு நாள் உச்சி வேளையில், ஆட்டக்காரர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கிளப் பிரசிடென்ட் தனியாக வருவார். வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மாரப்பனைப் பார்த்து ஒரு தடவை தலையைச் சாய்ப்பார். அவ்வளவுதான் ஆர்டர். மாரப்பன் கொக்கியிலிருந்து அதை எடுத்து, கைகளை உள்ளே மடித்து, பைக்குள் வைத்து, பின் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பார். மாலை கோச் வருவார். பையைப் பார்ப்பார். எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவார்.

கிராவெர்ட் என்ற கோச் போகும்போது மாரப்பனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனாராம். பெட்டர்சன் என்பவர் பையைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்துவிட்டாராம். மாரப்பன் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விடிந்து வந்து பார்த்தபோது பை இருந்தது, பெட்டர்சன் இல்லை. தண்டவாளத்தில்தான் கிடைத்தார். அந்தக் கதையை மட்டும் மாரப்பன் ஒரே ஒரு தடவை சொன்னதாக முத்தாத்தாள் சொன்னாள்.

"கிளப்புல அவிகள ஒண்ணும் கேக்கலையாம். சொன்னத செஞ்ச ஆளக் கேக்க என்ன இருக்குன்னு உட்டுட்டாங்களாம்."

"சுவத்துல தொங்கறது யாரோடதும்மா?"

"ஆருதும் இல்ல. கடைசியா ஒரு கோச்சுக்குன்னு தெச்சாங்க. அந்த ஆளு வரவே இல்ல. இவிக வேலைய உட்டு வாரப்போ கொக்கியோட குடுத்துட்டாங்க. ஒருத்தரும் போடாத கோட்டு அது."

ஆனால் மாரப்பன் கணக்கு வேறு. ஒருவரும் போடாத கோட்டு இப்போது தன்னுடையது என்று அவர் நினைத்தார். அது கொக்கியில் இருக்கும் வரை தான் வேலையில் இருப்பதாக நினைத்தார். இறக்கச் சொல்லி ஒருவர் வரவேண்டும். வராமல் அவர் போக முடியாது.

கற்பகம் இதை மூளை குழம்பியவர்களின் பேச்சு என்று ஒதுக்கினாள். எஸ்டேட்டில் ஒரு கங்காணி சாகும் வரை தன் பாட்டியின் ஆட்டுக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இது அதைவிடப் பெரிய விஷயமில்லை.

கோட்டின் தோள் ஈரமாக இருந்ததைத்தான் ஒதுக்க முடியவில்லை.

உச்சி வேளையில் தண்ணீர் மாற்ற வந்தவள் தற்செயலாகத்தான் அதன்மேல் உரசினாள். இரண்டு தோளும் மழையில் நின்றவன் தோள் போல நனைந்திருந்தன. மேலே கூரையைப் பார்த்தாள். ஒழுகல் இல்லை. ஒழுக மழையும் இல்லை. ஆழ்துளைக் கிணறே வற்றிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தாள். நனைந்த புல் வாசனை. பீர்மேட்டில் அந்த வாசனை அவளுக்குப் பழக்கம். இங்கே சுற்றுவட்டாரத்தில் பச்சைப் புல் ஒரு பிடி கிடையாது.

திரும்பினால் மாரப்பன் விழித்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் வாசலிலிருந்து மெல்ல நகர்ந்து கட்டில் கால்மாடு வரை வந்தன, யாரோ நடந்து வருவதைத் தொடர்வது போல. அங்கே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மறுபடி வாசலுக்குப் போயின.

"யாருய்யா?"

"ஹெர் லோமான். மூணாவது பிரசிடென்ட்டு." குரலில் ஏமாற்றம். "வந்தாரு, பாத்தாரு. தலையச் சாய்க்கலை. போயிட்டாரு."

மறுநாள் உச்சியில் ஹெர் வீபர்க். அதற்கடுத்த நாள் டாக்டர் ஷ்டால். டாக்டருக்கு ஒரு கால் ஊனம், தடி ஊன்றி நடப்பார் என்று மாரப்பன் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே வாசல் சிமென்டில் டொக், டொக் என்று கேட்டதைக் கற்பகம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பனையோலை தட்டியிருக்கும். கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள். யாரும் கேட்கவில்லை.

வலி மாத்திரை கொண்டுவரும் பஞ்சாயத்து நர்ஸ் ஜோபியிடம் மட்டும் கிளப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஜோபி இளைஞன், சித்தூர்க்காரன், பேச்சில் மலையாளம் கலக்கும். வண்டியில் அர்ஜென்டினா கொடி ஒட்டியிருப்பான்.

"ஜெர்மன் டீமா? அப்ப இந்த வீட்டுக்கு மருந்து கெடையாது" என்று சிரித்துக்கொண்டே போனில் தேடினான். தேடத் தேடச் சிரிப்புக் குறைந்தது. "சேச்சி, இப்ப அங்ஙன ஒரு கிளப்பே இல்ல. பூட்டிக் கொறே வருசமாச்சு. கிரவுண்டு இருந்த எடத்துல சூப்பர் மார்க்கெட்."

"பிரசிடென்ட்டுக?"

"இருக்கற போட்டோவுக்கெல்லாம் கீழ மரிச்ச வருசம் போட்டிருக்கு. ஆரும் பாக்கியில்ல."

முத்தாத்தாள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜோபி போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப ஆர்டர் போட ஆளே இல்ல."

"அதெல்லாம் அவரு மனசுல இருக்கிறதும்மா."

"மனசுல இருக்கறதுதான் கண்ணு உசிரப் புடிச்சு வெக்கும். ஒடம்புல இருக்கறதா புடிச்சு வெக்கும்?"

உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஆசை கட்டிப் போட்டிருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மண்ணாசை என்றால் சொந்தத் தோட்டத்து மண்ணைக் கரைத்து நாக்கில் விடுவார்கள். பொன்னாசை என்றால் பவுனை உரசிய தண்ணீர். கற்பகம் வருவதற்கு முன்பே முத்தாத்தாள் இரண்டையும் செய்து பார்த்திருந்தாள். பலிக்கவில்லை. இப்போது பீரோவைத் திறந்து ஒரு சின்ன வெள்ளிக் கோப்பையை எடுத்து வந்தாள். உள்ளங்கை அளவு உயரம். கிளப் ஒரே ஒரு தடவை, நோவாக் என்ற கோச் இருந்த வருடம், மாவட்டக் கோப்பை ஜெயித்தது. அப்போது கிளப்பில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அதே மாதிரியில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

"மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. அப்ப இதுதான்" என்று அரைக்கல்லில் அதன் அடியை உரசினாள்.

"ஊத்தக் கூடாதும்மா. முழுங்க மாட்டாரு, நெஞ்சுல ஏறிரும்."

"அப்ப நீயே எப்புடிக் குடுக்கறதுன்னு சொல்லு. குடுக்காம மட்டும் உடமாட்டேன்."

பஞ்சில் நனைத்து உதட்டில் தடவ ஒப்புக்கொண்டாள் கற்பகம். நாக்கு ஈரமாவது எப்படியும் நல்லதுதான்.

மாரப்பன் பஞ்சைச் சப்பினார். கண்ணைத் திறந்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்திருக்க முயன்றார். இரண்டு பேரும் பிடித்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"ஜெயிச்சுட்டமா?"

"ஜெயிச்சாச்சுங்க" என்றாள் முத்தாத்தாள், என்ன ஏது என்று தெரியாமலே.

அன்று அவர் தயிர்சோறு கேட்டுச் சாப்பிட்டார். நோவாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியதையும், எல்லோரும் குடித்த பிறகு கோப்பையில் மிச்சமிருந்த பீரைத் தன் தலையில் கவிழ்த்ததையும் சொல்லிச் சிரித்தார். நாடி சீராக ஓடியது. முத்தாத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடுவது கூடக் கேட்டது.

மறுநாள் உச்சியில் வாசலுக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோட்டின் தோள் காய்ந்து கிடந்தது. வலி மட்டும் திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக. மாத்திரைக்கு அடங்கவில்லை. உடம்புக்குத் தெம்பு வந்திருந்ததால் கத்தவும் தெம்பு இருந்தது. முத்தாத்தாள் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புத்தி கெட்டவ நான்" என்றாள். "கோப்பைய வாயில வெச்சுட்டனே. ஜெயிச்சவன எவன் வந்து இறக்குவான்?"

கற்பகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு நானே வந்து சொல்றேன்" என்றாள் முத்தாத்தாள்.

"என்னன்னு?"

"என்னன்னா? வாசல்ல நின்னு தலையச் சாய்க்கறது என்ன, மகா வேலையா? நீ எடுத்து மடிச்சுக் கொண்டுபோயி வெய்யி. சாமான் பாக்கற ஆளு நீ. பிரசிடென்ட்டு நானு."

"நோயாளிகிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு மொதப் பாடமே அதாம்மா."

"எது பொய்யி? இவிக அங்க பந்துக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்தப்போ இங்க தோட்டம், பம்புசெட்டு, வாய்க்காத் தகராறு, பிரியா கல்யாணம், மாமியா எழவு, எல்லாத்தயும் ஆரு பாத்தா? நீயே சொல்லு. இந்த ஊட்டுக்கு ஆரு பிரசிடென்ட்டு?"

கற்பகம் அரிசித் தண்ணீரை வடித்தாள். "நீங்கதாம்மா."

"அப்பறம் என்ன பொய்யி?" அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே முத்தாத்தாள் சொன்னாள். "இத்தன வருசத்துல அவிகளுக்குன்னு நான் ஒண்ணும் செஞ்சதில்ல கண்ணு. சோறு பொங்கிப் போட்டதே கொஞ்ச நாளுதான். இதயாச்சும் எங்கையால செய்யறேன்."

மறுநாள் உச்சி வேளையில் முத்தாத்தாள் குளித்துவிட்டுப் புதுச் சேலை கட்டி, வாசல் வழியாக வருவதாகப் பேச்சு. கற்பகம் மாரப்பனைப் புரட்டி, புண் கட்டி, வாயைத் துடைத்து, கொக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தனக்கே சிரிப்பாக வந்தது. வெயில் வாசல் முழுக்க வெள்ளையாக அடித்தது. பார்த்தால் கண் கூசியது. மாரப்பன் அனத்தலை நிறுத்தினார். அறை குளிர்ந்தது போலிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. வெளிச்சத்துக்கு எதிரே நின்றதால் முகம் தெரியவில்லை. உருவம்தான் தெரிந்தது. நிலையைத் தாண்டவில்லை. நின்றது. தலை ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது.

நன்றாகத்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கற்பகம் கொக்கிக்குக் கையை உயர்த்தினாள்.

இறக்கியபோது பளு கையை இழுத்தது. தோள் இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உள்பக்கத்தில் வெதுவெதுப்பு. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி. அவள் கை ஒரு கணம் தயங்கியது. கட்டிலிலிருந்து மாரப்பன் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் வேலையைப் பார்ப்பது போல.

"கைய உள்ள மடி" என்றார்.

மடித்தாள். பையில் வைத்தாள். சமையலறை வழியாகப் பின்பக்கம் நடந்து, வேலிக் கதவைத் திறந்து, வெளியே வைத்தாள். நிமிர்ந்தபோது தொழுவத்திலிருந்து முத்தாத்தாள் ஓடி வந்தாள். ஈரத்தலை, இடுப்பில் செருகிய பழைய சேலை, கையில் எருமையை ஓட்டிய குச்சி.

"சனியன் அவுத்துக்கிட்டுப் பக்கத்துத் தோட்டத்துல பூந்துருச்சு. இப்பத்தான் புடிச்சுக் கட்டுனேன். செத்த இரு, சேல மாத்திட்டு வந்தர்றேன்" என்றவள் கற்பகத்தின் முகத்தைப் பார்த்தாள். கீழே பையைப் பார்த்தாள்.

கற்பகம் ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். வேகமாக நடந்து உள்ளே போனாள். மாரப்பன் முகத்தில் இறுக்கம் விட்டுப்போயிருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள். கண்களை மூடி, தாடைக்குத் துணி கட்டினாள். கைகளை நேராக வைத்தாள். செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். முடிச்சை மட்டும் இரண்டாம் தடவை போட வேண்டியிருந்தது.

முத்தாத்தாள் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை.

"ஆரு சொன்னா?"

"நீங்கதான்னு நெனச்சேம்மா."

"நான் வரலியே கண்ணு."

"தெரியுது."

முத்தாத்தாள் வாசலுக்குப் போனாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். நாய் கூட நடமாடவில்லை. திரும்பி வந்து கணவரின் காலைத் தொட்டு, பாதத்தைத் துடைப்பது போலத் தடவினாள்.

"எனக்கு அதயும் குடுத்து வெக்கல" என்றாள். "பரவால்ல. வலி நின்னுருச்சு. அதுதான வேணும்னு கேட்டேன்."

"யாரா இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் கற்பகம். அவளுக்கு ஏனோ கோபம் வந்தது.

"எழவு ஊட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது கண்ணு. நம்ம பக்கம் அதுதான் மொற. வந்தது ஆரோ, அந்த மொற தெரிஞ்ச ஆளுதான்."

அவள் சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "சனம் வந்துரும். நீ பிரியாவுக்குப் போனப் போடு. நான் தண்ணி சுட வெக்கறேன்."